ஏழாம் பெட்டி

மழை விட்டுப் பத்து நிமிடம்தான்.
அதற்குள் அடைத்து முடிக்கச் சொல்லி
ஜெபராஜ் அவசரப்படுத்துகிறார்.
பொகவந்தலாவையில் ஜூன் மாதம்
திறந்து வைத்த பெட்டிக்குள் மேகம் ஏறிவிடும்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை:
போன வாரம் மடித்து வைத்த போர்வையை
நேற்றுப் பிழிந்தேன்.

கொழும்பிலிருந்து ஃபாரூக் போனில் சொன்னார்:
நாற்பது நாள் கப்பல், மேடம்.
உள்ளே கொஞ்சம் ஈரம் போனாலும்
ஒக்லாந்தில் நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில்
பூஞ்சைதான் குடியிருக்கும்.

ஈரத்துக்கு அரிசி நல்லதென்று
இரண்டு கொத்து வறுத்தேன்.
பழைய தாதிச் சீருடையைக் கிழித்துப்
பை பையாய்த் தைத்துப் போட்டேன்.
படிவத்தின் நான்காம் பக்கம் சொன்னது:
தானியம் கூடாது.
பதினெட்டுப் பையையும் பிரித்துக்
கஞ்சி வைத்தோம்.
நாலு நாள் கருகல் வாசம்.

வழி சொன்னவர் டீ மேக்கர் சிவபாதம்.
பேக்டரியில் கழித்த கடதாசிச் சாக்கு,
உள்ளே ஈயத்தாள் ஒட்டியது, பதினொன்று.
"நம்ம ஊர்ல இருந்து
நனையாம கடல் தாண்டிப் பழகினது தேயிலை ஒண்ணுதான்.
அது போடுற சட்டையையே நீங்களும் போட்டுப் போங்க."
தையல் மெஷினின் தலைக்கு ஒரு சாக்கு.
சான்றிதழ்களுக்கு ஒன்று.
சாக்கின் மேல் அச்சடித்தபடி
என் கல்யாணச் சேலை இப்போது
டஸ்ட் நம்பர் ஒன்.

பிறகு மண்.
மண் ஒட்டிய எதுவும் அந்த நாட்டில் இறங்காது.
சப்பாத்து ஆறு சோடி,
மகனின் கிரிக்கெட் மட்டை,
குடைகளின் நுனி.
ஊக்கொன்றால் ஒவ்வொரு பள்ளத்தையும்
பல் குத்துவதுபோல் கிண்டினேன்.
என் வேலைச் சப்பாத்தில்தான் அதிகம் இருந்தது:
இரவுப் பிரசவங்களுக்கு
லயங்களைத் தேடி ஓடிய பாதையெல்லாம்
காய்ந்து இறுகி.
கழுவிய தண்ணீர் சிவப்பாய்க் கான் வழியே
தேயிலைக்குள் போனது.
மண் உண்டா என்ற கட்டத்தில்
இல்லை என்று குறியிட்டேன்.

மொத்தப் பெறுமதி கேட்டிருந்தார்கள்.
குவாட்டர்ஸின் கதவும் யன்னலும் கொக்கியும்
ஏற்கெனவே அரசாங்கக் கணக்கில்.
எங்களுடையதென்று கூட்டினால்
பதினாலு பெட்டி.

பதினாலையும் ஒட்டி முடித்த இரவு
நிதர்ஷன் வந்து நின்றான்.
"அம்மா, அட்டைப்பெட்டிக்குள்ள அட்டை."
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
"ஏழாவதுல. நீங்க டேப் ஒட்டுறப்ப உள்ள போச்சு."
ஜெபராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
படிவத்தை வாசித்தார்:
உயிருள்ள பிராணிகள்.

பதினொரு மணிக்கு ஏழாம் பெட்டியைக் கிழித்தோம்.
டோர்ச் வெளிச்சத்தில்
பிரஷர் குக்கரின் வாஷர்,
இடியப்ப உரலின் துளைகள்,
ஆல்பத்தின் பக்கம் பக்கமாக.
கல்யாணப் படத்தில் நிற்பவர்களின்
கால்களைக்கூடப் பார்த்தான் மகன்.
இல்லை.
உப்புப் போத்தலைப் பிடித்தபடியே
பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கிப்போனான்.

விடியற்காலை காலுறையை இறக்கினேன்.
கணுக்காலில்
திராட்சைப்பழ அளவில்
வேலை முடித்து இளைப்பாறிக்கொண்டிருந்தது.
உப்புப் போட்டால் உதிரும்.
எத்தனை பேர் காலுக்குப் போட்டிருப்பேன்.
போடவில்லை.
தானாய் விழட்டுமென்று
வாசற்படியில் உட்கார்ந்தேன்.
வளைவுக்குக் கீழே லொறி
முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது.

விழுந்தது.
என்னிடம் எடுத்ததைச் சுமந்துகொண்டு
புல்லுக்குள் போனது,
எந்தப் படிவமும் நிரப்பாமல்.

வடியும் காலில் பஞ்சை அழுத்திவிட்டு
ஏழாம் பெட்டியை
மறுபடி ஒட்டினேன்.